வேன் உள்ளே வருமா?

அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் புன்செய் பெருமுக்கல் மலைக்குப் பின்பக்கம் இருக்கிறது. கிணறு தூர்ந்து பல வருஷம் ஆகிறது. மழையை நம்பி மல்லாட்டை போடலாம். போடாத வருஷம் ஆடு மேயும். அந்த நிலத்தோடு அண்டை நிலத்தையும் வாங்கிச் சேர்த்து, ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கென்றே ஒரு கிராமம் கட்டுவதாகப் பெற்றோர் சிலர் திட்டம் போட்டார்கள். கையெழுத்துப் போட நான் தயாராகத்தான் இருந்தேன். என் தம்பிக்கு ஆட்டிசம். நாற்பது வயதைத் தாண்டிவிட்டான். அந்தக் கிராமத்தில் முதல் வீடு அவனுக்கு என்று பேச்சு.

கிராமம் வரவில்லை. "என்னம்மா ஆச்சு, யாரு கெடுத்தாங்க?" என்று திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இன்னமும் போன் வருகிறது. யாரும் கெடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பெருமுக்கல் தெரியாதவர்களுக்காக: திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பக்கம் உள்ள ஊர். பாறை மலை தூரத்திலிருந்தே தெரியும். மேலே சிவன் கோயில், சோழர் காலத்துக் கல்வெட்டுகள், குகைப் பாறையில் வரலாற்றுக்கு முந்திய மனிதன் கீறி வைத்த கோடுகள் எல்லாம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலியும் இந்த மலைக்கோட்டைக்காக அடித்துக்கொண்டார்கள். இப்போது இந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் அது கல்குவாரி. நான் பக்கத்து ஊரில் கிளை அஞ்சலகம் பார்க்கிறேன். நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் பணம் என்று யார் வீட்டுக்கு என்ன வருகிறது, யார் வீட்டில் யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

தம்பி ஐந்து வயது வரை பேசவில்லை. அம்மா வேண்டாத கோயில் இல்லை. 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தது. ஆட்டிசம் அதில் இல்லை. அதனால் அவனுடைய முதல் அட்டையில் மனவளர்ச்சி குன்றியவர் என்றே எழுதினார்கள். 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016 சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாக அது ஏறியது. எழுத்தாளர் யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம் சில புரிதல்கள்' புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் நடப்பது என்னவென்று எனக்கே விளங்கியது. அதற்குள் அவனுக்கு முப்பது ஆகிவிட்டது.

தம்பிக்கு வேலை உண்டு. எங்கள் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் வேனில் மரக்காணம் உப்பளத்துக்குப் போவார்கள். விடியும் முன்பே வண்டி வந்துவிடும். வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பாத்தியில் கண்ணைத் திறக்க முடியாது. எதிர்வீட்டுச் சித்தி, "வீட்ல சும்மாதான குந்திகினு இருக்கான், குடிதண்ணி தூக்கியாரட்டும்" என்று ஒரு சீசனில் அழைத்துப் போனாள். குடம் தூக்கப் போனவன் பாத்தியை விட்டு வரவில்லை.

உப்பளத்தில் நாள் முழுக்க ஒரே வேலை, ஒரே ஒழுங்கு. உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று விட்டு வெயிலில் சுண்ட வைப்பார்கள். கடல் தண்ணீர் மூன்று டிகிரி வாக்கில் இருக்கும். அது 25 டிகிரியைத் தொடும்போது உப்பு இறங்க ஆரம்பிக்கும். மேஸ்திரியிடம் அதை அளக்கக் கண்ணாடிக் குழாய் உண்டு. தம்பி காலையில் தண்ணீர்மேல் கட்டியிருக்கும் ஏட்டைக் குனிந்து பார்த்துவிட்டு "நாளைக்கு" என்பான், அல்லது "இல்ல" என்பான். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இதில் அதிசயம் எதுவும் இல்லை. முப்பது வருஷம் அளத்தில் காலை வைத்த பெண்கள் எல்லாரும் இதைச் சொல்வார்கள். ஆட்டிசம் என்றாலே ஏதாவது ஒரு வித்தையில் மேதையாக இருப்பார்கள் என்று சினிமா பார்த்துவிட்டு வந்து கேட்கிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் ஆட்டிசம் என்ற பெயர் தெரியாது. ஆனால் அவனைப் பின்னாலிருந்து தொடக் கூடாது என்று தெரியும். வேனில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர இடம் அவனுடையது. அங்கே வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அவன் ஏறி உட்காரும் வரை பாட்டுப் போட மாட்டார்கள். தலைத்துண்டை அவன் மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டால் அன்றைக்கு அவனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஒருநாள் கூடையை வீசி எறிந்தான் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய்க் கேட்டேன். "அதுக்கு ஏம்மா ஓடியார? வெயில் தாழ்ந்தா சரியாப்போயிடும். நாங்க அந்தாண்ட வரப்புல வேல பாத்தோம்" என்றாள் ஒருத்தி. பத்து வருஷம் சிகிச்சை வகுப்புகளுக்கு அலைந்த எனக்கு அந்த 'அந்தாண்ட வரப்பு' ஒருநாளும் தோன்றியதில்லை.

சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் சீசன்களில் அவனுக்கு அரைக் கூலிதான். எண்ணிப் பார்க்கத் தெரியாதவன் என்ற நினைப்பு. எண்ணத் தெரியும், கேட்கத்தான் தெரியாது. நான் போய்ச் சண்டை போட்ட பிறகுதான் முழுக் கூலி வந்தது. உவர்நீரில் நின்று நின்று உள்ளங்கால் வெடித்துவிடும். கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் அதன் கம்பி காதில் படுவது அவனுக்குப் பொறுக்காது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை மழை. ஐப்பசியில் பாத்தியெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். தை, மாசி வரை வேலை இல்லை. வேலை இல்லாத மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது; வாங்குகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் தம்பிக்குக் குறைவது பணம் இல்லை, வேன். நாலு மணிக்கு எழுந்து, துண்டைக் கட்டிக்கொண்டு, தூக்குவாளியோடு வாசலில் நிற்பான். வண்டி வராது. முதல் வாரம் நின்றுவிட்டு உள்ளே வருவான். அப்புறம் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். அம்மா இருந்தவரை தலைக்கும் சுவருக்கும் நடுவில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் புறங்கையில் அந்தக் காய்ப்பு கடைசிவரை இருந்தது.

அம்மா போனபிறகு அந்த இடத்துக்கு நான் வந்தேன். என் வீட்டுக்காரர் நல்லவர். ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் கல்லூரி முடித்த என் மகள் ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டாள்: "உனக்கு அப்புறம் மாமா எங்கிட்டயா வருவாரு?" கோபமோ குறையோ இல்லை அந்தக் குரலில். வேலைக்குப் போக வேண்டியவள், ஒரு தகவலைத் தெரிந்துகொள்ளக் கேட்டாள். "இல்லடி" என்றேன். அன்று மாலையே அந்தப் பெற்றோர் குழுவுக்கு நானாகப் போன் போட்டு நிலத்தைப் பற்றிச் சொன்னேன். தம்பிக்கு நல்ல இடம் வேண்டும் என்பதற்காக நிலத்தைக் கொடுக்க முன்வந்ததாக ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். உள்ளதைச் சொல்கிறேன்: ஐப்பசி மாதத்து ராத்திரிகளில் படுத்துத் தூங்க வேண்டும் என்பதுதான் என் கணக்கில் முதல் வரி.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். வந்தவர்கள் எல்லாம் என்னைப் போலத்தான், தூக்கம் தேடுகிறவர்கள். 'நமக்குப் பிறகு யார்' என்ற கேள்வியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறவர்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் வரைபடம் கொண்டு வந்திருந்தார். ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு ஒன்று, பொதுச் சமையல், தியானக் கூடம், மாட்டுக் கொட்டகை, சுற்றிலும் எட்டடிச் சுவர், ஒரே கேட், நான்கு மூலையிலும் கேமரா. தொழில் கூடம் என்று எழுதி மெழுகுவத்தி, காகிதப் பை என்று போட்டிருந்தார். இந்த மெழுகுவத்தியைக் கண்டுபிடித்தவர் யார் என்று தெரியவில்லை. சிறப்புப் பள்ளி என்றால் மெழுகுவத்தி, இல்லம் என்றால் மெழுகுவத்தி. கரண்ட் போனாலும் செல்போன் வெளிச்சத்தில் சமாளிக்கிற காலத்தில் இத்தனையையும் யார் கொளுத்துகிறார்கள்?

கூட்டத்தில் தம்பியையும் சேர்த்து ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்களைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. புதுச்சேரியில் வீட்டிலிருந்தபடி புத்தகப் பக்கங்கள் வடிவமைக்கிற ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருந்தாள். கூட்டம் முடிகிற நேரத்தில் எழுந்து, சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: "கமிட்டியில் ஏழு பேர் போட்டிருக்கீங்க. அதுல எங்கள்ல எத்தனை பேர்?" ஒருவரும் இல்லை. அவள் அப்பாவும் அந்த ஏழு பேரில் ஒருவர். கூடத்தில் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் வெளி வராந்தாவில் அவளோடு உட்கார்ந்து பேசினேன். ஆட்டிசம் உள்ளவர்கள் தாங்களே கூடி வாழ்கிற யோசனை அவளுக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் ஜிம் சின்க்ளேர் என்பவரும், கேத்தி கிராண்ட், ஆஸ்திரேலிய எழுத்தாளர் டோனா வில்லியம்ஸ் ஆகியோரும் 1992-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மூவருமே ஆட்டிசம் உள்ளவர்கள். 1996-ல் அந்தச் சங்கம் நியூயார்க் மாநிலத்தில் 'ஆட்ரீட்' என்று சில நாள் முகாம் ஒன்று நடத்தியது. விதிகளை அவர்களே எழுதினார்கள். வாசனைத் திரவியம் பூசி வரக் கூடாது. பிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. சட்டையில் சிவப்பு அட்டை குத்தியிருந்தால் பேசாதே; மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம்; பச்சை என்றால் எனக்குப் பேச ஆசை, ஆனால் ஆரம்பிக்கத் தெரியவில்லை, நீ வா. எந்த நிகழ்ச்சிக்கும் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2005-ல் இங்கிலாந்தில் 'ஆட்ஸ்கேப்' என்று அதே வழியில் ஒன்று தொடங்கி வருஷா வருஷம் நடக்கிறது. இதைக் கேட்டபோது எனக்குத் தம்பியின் தலைத்துண்டுதான் ஞாபகம் வந்தது. மரக்காணத்துப் பெண்கள் சிவப்பு அட்டையை அட்டை இல்லாமலே படித்துவிட்டார்கள்.

"அப்போ உனக்கு இந்தக் கிராமம் வேணும்தான?" என்று கேட்டேன்.

"முகாம் வேணும். வருஷத்துல நாலு நாள். கிராமம் வேற."

ஏன் வேற என்பதை அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. தம்பி சாயங்காலமானால் வேன் இன்ஜின் சத்தத்தைத் தொண்டைக்குள் போட்டுக்கொண்டே இருப்பான். கியர் மாறுவது வரை கேட்கும். அவனை அமைதியாக வைத்திருப்பது அந்தச் சத்தம்தான். அன்றைக்குக் கூடத்தில் அவன் அதை ஆரம்பித்ததும் இந்தப் பெண் ஹெட்போனுக்கு மேல் கையையும் வைத்து அழுத்திக்கொண்டு எழுந்து வராந்தாவுக்குப் போனாள். அவள் போகும்போது இழுத்துவிட்ட நாற்காலியின் கிறீச்சைக் கேட்டுத் தம்பி சமையல்கட்டுக்கு ஓடினான். இரண்டு பேருக்கும் ஒரே பெயரில் சான்றிதழ். ஒரு கூரையின் கீழ் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஒருவருக்குக் குழல்விளக்கு ஆகாது, இன்னொருவருக்கு இருட்டு ஆகாது. ஒருவர் தொட்டுப் பேசுவார், இன்னொருவருக்குத் தொட்டால் எரியும். ஆட்டிசம் உள்ளவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் தானாக ஒத்துப்போய்விடும் என்பது, ஆட்டிசம் இல்லாதவர்கள் வசதிக்காகச் செய்துகொண்ட கற்பனை. நாமெல்லாரும் தமிழர்கள்தானே, அதற்காக ஒரே வீட்டில் குடியிருக்கிறோமா?

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒருவரையொருவர் புரியவே புரியாது என்பதும் பொய். ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையில் விழும் பள்ளம் இரண்டு பக்கத்துக்கும் பொது என்று 2012-ல் டேமியன் மில்டன் எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ள ஆய்வாளர். கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எட்டெட்டுப் பேராக வரிசை பிடித்து ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல வைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை நன்றாகவே கடைசிவரை போனது. கலந்து நிறுத்திய வரிசையில்தான் தேய்ந்தது. பிறகு இன்னும் நிறையப் பேரை வைத்துச் செய்தபோது கலப்பு வரிசையும் பின்தங்கவில்லை. எனக்கு இரண்டாவது முடிவும் பிடித்திருக்கிறது. அளத்து வேனில் தினமும் நடப்பது அதுதான்.

நிலத்தைப் பார்க்க எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தம்பி எல்லைக்கல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நிலத்தைச் சுற்றினான். பிறகு வங்கி மேலாளரிடம் போய், அவர் சட்டைப் பையைப் பார்த்தபடி கேட்டான்: "வேன் உள்ள வருமா?"

தார்ச்சாலை அங்கிருந்து தள்ளி இருக்கிறது. இடையில் வண்டிப்பாதை மட்டும்தான்.

அவர் அன்பாகத்தான் பதில் சொன்னார். "இனிமே நீ அங்க போகவே வேணாம்பா. எல்லாம் இங்கயே இருக்கும்."

தம்பி போய் அவர்கள் வந்த வண்டியில், டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். இறங்கவே இல்லை. அவர்கள் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் இறங்கவில்லை. சித்தியைக் கூட்டி வந்து, "நாளைக்கு நாலு மணிக்கு வேன் வரும்" என்று சொல்ல வைத்த பிறகுதான் எழுந்தான். அது மாசி மாதம் என்பது எங்கள் அதிர்ஷ்டம். மறுநாள் உண்மையிலேயே வந்தது. அந்த வாரம் நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தங்களுக்கென்று தனி ஊர், தாங்களே நடத்துவது, அவர்களால் முடியுமா? முதலில், யாரால் முடிந்திருக்கிறது? மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் போனால் ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கினார்கள். படித்தவர்கள், பணம் உள்ளவர்கள், உலகம் முழுக்க ஆதரவு. 50,000 பேருக்கென்று திட்டம். அரை நூற்றாண்டு தாண்டியும் சுமார் 3,300 பேர்தான். நிலமும் நிர்வாகமும் யாருடையது என்ற சண்டையில் 1980-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு உள்ளே வந்தது. 1988-ல் நாடாளுமன்றம் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. வீடு கட்டவும் தோட்டம் பார்க்கவும் சமைக்கவும் சுற்றுக் கிராமத்து ஆட்கள்தான் காலையில் சைக்கிளில் போகிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. எந்த ஊரும் தன்னந்தனியாக நின்றதில்லை என்பதற்குச் சொல்கிறேன். குளிக்கவும் உடுத்தவும் உதவி வேண்டியவர்கள் இருக்கிற ஊரில் உதவியாளர்களின் எண்ணிக்கை குடியிருப்பவர்களைத் தாண்டிவிடும். சம்பளம் கொடுப்பவர் யாரோ அவர் பேச்சுத்தான் அங்கே எடுபடும்.

மாற்றுத்திறனாளிகள் தாங்களே ஒன்றைக் கட்டியதே இல்லையா என்றால், உண்டு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர். அது அத்தனை பெரிதாக வளர்ந்ததற்குக் காரணம் சுற்றி இருக்கும் நூற்றுக்கணக்கான கிராமங்களுக்குள் அது போய் வேலை செய்ததுதான்.

சுவருக்குள் இருப்பவற்றின் கதை நமக்குத் தெரியாததில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் கொட்டகை பற்றி எரிந்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்தார்கள். அதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு, 2023 பிப்ரவரியில் எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே, விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் வெளியே கொண்டுவந்தார்கள். எங்கள் பெற்றோர் குழு அப்படிப்பட்டதில்லை, தங்கமானவர்கள். ஆனால் அவர்களுக்கும் வயதாகும். கேட்டின் சாவி அடுத்து யார் கைக்குப் போகும் என்பதை எந்தப் பத்திரத்திலும் எழுத முடியாது.

எங்களுக்கு வடக்கே, மதுராந்தகம் பக்கம் பொலம்பாக்கம் இருக்கிறது. தொழுநோயாளிகளை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைப்பதே வழக்கம் என்றிருந்த காலத்தில், 1955-ல் பெல்ஜியம் டாக்டர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் அங்கே வந்தார். காலனி கட்டுவதை விட்டுவிட்டு, குறித்த நாளில் வண்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் மரத்தடியில் மருந்து கொடுத்தார். நோயாளி தன் வீட்டிலேயே இருந்தார், தன் வயலுக்கே போனார். அந்த வண்டியின் அருமை எனக்கு இப்போது புரிகிறது.

இன்றைக்கும் ஒரு வழி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. சென்னையில் 1993-ல் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு, மனநல இல்லங்களில் வருஷக்கணக்கில் கிடந்த பெண்களை 2015 முதல் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துக் குடிவைக்கிறது. 'ஹோம் அகெய்ன்' என்று பெயர். சமைப்பது, கடைக்குப் போவது, சண்டை போடுவது எல்லாம் அவர்களே. துணைக்கு ஓர் ஆள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கிறார்கள். ஆட்டிசம் மனநோய் இல்லை. வீடு என்பது இரண்டுக்கும் ஒன்றுதான். 2016 சட்டத்தின் ஐந்தாவது பிரிவும் இதைத்தான் சொல்கிறது: சமூகத்தில் வாழ்வது உரிமை, இந்த வகை இடத்தில்தான் வாழ வேண்டும் என்று யாரையும் தள்ளக் கூடாது.

அதனால் போனில் கேட்பவர்களுக்கு என் பதில் இது. ஆட்டிசம் உள்ளவர்கள் சங்கம் கட்டலாம், முகாம் நடத்தலாம், தெருவில் நாலு வீட்டை அடுத்தடுத்துப் பிடித்துக் குடியேறலாம். அந்தப் புதுச்சேரிப் பெண் தனக்குப் பிடித்த ஒரு தோழியோடு கடைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு எடுத்துவிட்டாள். அவள் அப்பா வாரம் ஒருமுறை சாம்பார்ப் பொடியோடு வந்து வாசலில் பெல் அடிக்கிறார். அதற்குப் பெயர் தனிச் சமூகம் என்றால் அது முடியும், நடந்தும்விட்டது. மலைக்குப் பின்னால் எட்டடிச் சுவருக்குள் நாங்கள் கட்டித் தருவது அவர்களுடைய சமூகம் ஆகாது. குழுவில் மூன்று குடும்பங்கள் என்மேல் வருத்தப்பட்டுக்கொண்டு வேறு ஊரில் நிலம் பார்க்கப் போய்விட்டன. அவர்கள் கமிட்டியில் இப்போது ஆட்டிசம் உள்ள இருவர் இருப்பதாகக் கேள்வி. நல்ல சேதி.

மழை மாதங்களுக்கு இன்னும் முழு வழி பிடிபடவில்லை. போன ஐப்பசியில் வேன் டிரைவர் ஒரு யோசனை சொன்னார். வேலை இல்லாத நாளிலும் காலையில் எங்கள் தெருவழியாக ஒரு சுற்று வந்து, தம்பியை ஏற்றிக்கொண்டு டீக்கடை வரை போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். டீசல் காசு நான் கொடுக்கிறேன். சுவரில் மோதுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மகளிடம், மாமா உன்னிடம் வரமாட்டார், ஆனால் மாதம் ஒருமுறை நீ அவரிடம் வரவேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றாள்.

இப்போது தம்பிக்கும், அவனைப் போலவே அளத்துக்கு வர ஆசைப்படும் இன்னொரு பையனுக்குமாக வாடகைக்கு வீடு தேடுகிறோம். கூட இருக்க ஓர் ஆள் உண்டு. பெருமுக்கல், திண்டிவனம் சாலையோரத்தில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்: இரண்டு அறை போதும், தனித்தனியாக இருக்க வேண்டும். குவாரிப் பக்கம் வேண்டாம். மோட்டார் போடும் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சாயங்காலம் கொஞ்சம் வேன் சத்தம் கேட்கும், அது வேன் இல்லை. முன்பணம் தருகிறோம். தார்ச்சாலையை ஒட்டி இருக்க வேண்டும். காலை நாலு மணிக்கு வண்டி வாசலில் வந்து நிற்கும்.